வேம்புவை அழைப்பவர் யார்?
‘வாழை’ திரைப்படம் குறித்து ஒரு திறனாய்வு

மாரி செல்வராஜ் இயக்கி 2024 ஆகஸ்டில் வெளிவந்த ‘வாழை’ திரைப்படத்தை நம் மாணவர் ஒருவர் அண்மையில் அருளுரைக்கு எடுத்துக்காட்டாகக் கொண்டார். பள்ளி ஒரு சிறுவனைக் காத்தது என்பதே அவர் கண்ட செய்தி. அதனை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை.

படத்தின் வலிமையை முதலில் ஒப்புக்கொள்வோம். முன்பணக் கடனுக்காக விடுமுறை நாள்களில் வாழைத்தார் சுமக்கும் சிறுவனின் கழுத்துவலியை இயக்குநர் தம் சொந்த இளமையிலிருந்தே எடுத்துரைக்கிறார். கூலி உயர்வு கேட்டுப் பெற்றவர்கள், அதற்கு விலையாகத் தார்களின்மேல் அமர்ந்து லாரியில் பயணம் செய்ய நேர்கிறது. பாவத்தைத் தனிமனிதனின் நெஞ்சில் மட்டும் தேடிப் பழகிய நமக்கு இக்காட்சி ஒன்றே போதும். கணக்கேட்டிலும் அது குடியிருக்கிறது.

ஆயின், சிறுவனின் அக்காள் வேம்பு எப்போது பள்ளியை விட்டாள்? படம் இதனைக் கேட்கவில்லை. தம்பியை நடனப் பயிற்சிக்குப் போகவிட்டு அவள் வேலைக்குச் செல்கிறாள்; லாரி கவிழ்ந்து மாண்டும் போகிறாள். பள்ளியோடு உறவுள்ளவனுக்கு அன்பான ஆசிரியை இருக்கிறார். உறவு அறுந்தவளுக்கு ஒருவருமில்லை. கதை உண்மை நிகழ்வைத் தழுவியதாதலால் இயக்குநரைக் குறை கூறுவது முறையன்று. கண்ணீரோடு வீடு திரும்பிய நாமே அவளை மறந்தோம்.

தென்காசிப் பகுதியில் வேம்புகள் பீடித் தட்டின்முன் அமர்ந்திருக்கின்றனர். பல வீடுகளில் தாயின் பாஸ் புத்தகக் கணக்கை நிறைவாக்க மகளும் சுற்றுகிறாள். குற்றாலத்தில் நிலை சற்று வேறு. சாரல் தொடங்குவது ஜூனில். பள்ளி திறப்பதும் ஜூனில்தான்! எண்ணெய்க் கடையிலும் விடுதியிலும் வாகன நிறுத்தத்திலும் நாள்தோறும் காசு கண்ட பையன், சீசன் ஓய்ந்தபின் வகுப்புக்குள் நுழைய வெட்கப்படுகிறான். இவர்களையெல்லாம் கெட்ட குமாரன் உவமையைச் சொல்லி அழைக்கிறோம். வீட்டுக்குச் சோறு போடுகிறவள் எந்தத் தூரதேசத்துக்குப் போனாள்? மத்தேயு 20ஆம் அதிகாரமே இங்குப் பொருந்தும். அங்கே வீட்டெஜமான் பதினோராம் மணி வேளையிலும் தாமே சந்தைவெளிக்குப் போகிறார். பிந்தி வந்தோரின் கூலியைக் குறைக்கவுமில்லை.

புதுமைப் பெண் திட்டம் 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் அளிக்கிறது. நல்லதே, எனினும் கல்லூரி வாயிலை எட்டியவளுக்கே அது கிட்டும். இடையில் நின்றவர் தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதலாம் என்பதையும், அதில் தேறினோர் சேரத்தக்க தொழிற்பிரிவுகள் தொழிற்பயிற்சி நிலையங்களில் உண்டு என்பதையும் நம் ஆயர்களில் எத்தனை பேர் அறிவர்? விண்ணப்பத் தாளை நிரப்பித் தருவதும் அருட்பணியே.

அம்மாணவரை வரும் ஜூனில் குற்றாலத்துக்குக் களப்பணிக்கு அனுப்பும்படி கேட்டிருக்கிறேன். அருளுரையை அங்குள்ள பையன்களிடம் ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும்.