புகை கண்டும் நெருப்பை மறுக்கலாமா?

மன்னார்க் கரையின் தென்பகுதியில், மறிச்சுக்கட்டிக்கு அணித்தான பாடசாலையொன்றில் நடந்த விவாத அரங்கொன்றை அண்மையில் கேட்க நேர்ந்தது. ‘புவி வெப்பமடைவதற்கு மனிதனே காரணம்’ என்பது விவாதப் பொருள். இரு தரப்பு மாணவரும் தெளிவாகவும் துணிவாகவும் பேசினர். முடிவில் நடுவர், இரு பக்கத்தும் உண்மை உண்டு என்று கூறி வெற்றியைச் சமமாகப் பங்கிட்டார். அவை கைதட்டிக் கலைந்தது.

மேடை மரபு என்ற அளவில் அத்தீர்ப்பு இனியதே. ஆயின், சான்றுகளை நிறுத்துப் பார்க்க வேண்டியோர்க்கு அது போதாது. இருவர் முரண்பட்டவிடத்து ஒரு பக்கத்தைத் துணிந்துரைத்தலையும் நூலோர் கொள்ளும் ஏழு மதங்களுள் ஒன்றாக எண்ணியது நன்னூல். துணியவேண்டிய இடத்தில் துணியாதிருத்தலை நாம் நடுவுநிலைமை என்று கொள்வதற்கில்லை.

எதிர்த்தரப்பினரின் முதற் சான்று கடல்கோள். முதல் இரு சங்கங்களையும் கடல் கொண்டதாக இறையனார் களவியலுரை கூறுகிறதே, அன்று எந்தத் தொழிற்சாலை புகைந்தது என்று கேட்டனர். தமிழ் கற்பிக்கும் எமக்கு இக்கேள்வி மகிழ்ச்சியளித்தது. எனினும் அது வாதத்தை நிலைநாட்டவில்லை. உரைநூல் பேணிவந்த மரபுச் செய்தி வேறு, அளந்தறிந்த செய்தி வேறு. மரபை விட்டு அறிவியலையே கொண்டாலும் அம்மாணவர்க்குச் சார்பான செய்தி ஒன்று உண்டு. கடைசிப் பனியூழி முடிந்தபின் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீற்றர் உயர்ந்தது. மன்னாரையும் இராமேசுவரத்தையும் இணைத்திருந்த நிலம் சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் நீரில் ஆழ்ந்தது. அதில் மனிதனுக்குப் பங்கில்லை.

இதனால் பெறப்படுவது யாது? பண்டைய மாற்றத்திற்கு ஒரு காரணம் இருந்தது என்பதே. இன்றைய மாற்றத்திற்கும் அதுவே காரணம் என்பதன்று. கோடையில் குளம் தானே வற்றுவதை ஊர் அறியும். அதற்காக, மாரியில் குளக்கட்டை வெட்டி நீரை ஓடவிட்டவனை எந்த ஊர் மன்னிக்கும்?

ஒட்டிப் பேசியோரின் சான்றுகளும் பழுதற்றவை அல்ல. அரிப்பில் இடிந்து கடலில் விழுந்துகொண்டிருக்கும் ‘டொறிக்’ மாளிகையை அவர்கள் சுட்டினர். முத்துக் குளிப்பைப் பார்வையிடுவதற்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளுநர் பிரெடெரிக் நோர்த் கட்டுவித்தது அது. ஆனால் மென்மண் மேட்டின் விளிம்பிற் கட்டிய எதையும் அலை அரிக்கும். கடல்மட்டம் உயராவிடினும் அரிக்கும். அந்தச் சிதைவு தனியாக நின்று உலக வெப்பத்திற்குச் சாட்சி சொல்லாது. மெய்யான கட்சிக்கு வலுவற்ற சான்று துணையாவதில்லை. எதிரிக்கே அது பயன்படுகிறது.

புயல் பற்றிய வாதத்திலும் இரு தரப்பும் இடறின. 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்து எம் கரையையும் தாக்கிய புயலை ஒரு தரப்பு எடுத்துக் காட்டியது. 2025 நவம்பரில் இந்நாட்டில் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட ‘டித்வா’வை மறு தரப்பு எடுத்தது. ஒரு புயலால் எதுவும் நிறுவப்படுவதில்லை, மறுக்கப்படுவதுமில்லை. காற்றின் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் அது ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு கூடுதலான நீராவியை ஏந்த வல்லது. புயலை மனிதன் பிறப்பித்தான் என்று எவரும் வாதிடவில்லை. அது சுமந்துவரும் மழையை மிகுவித்தான் என்பதே வாதம்.

அங்ஙனமாயின் உண்மையான சான்று எது? புகை கண்டு நெருப்பை உணர்தலைக் கருதலளவைக்கு எடுத்துக்காட்டாக நம் தருக்க நூலார் கூறுவர். இங்கு அவ்வெடுத்துக்காட்டே விவாதப் பொருளாக வந்து நிற்கிறது.

காபனீரொட்சைட்டு வாயு வெப்பத்தைத் தடுத்து வைக்கும் என்பதை 1859இல் லண்டனில் ஜோன் டிண்டல் ஆய்வுக்கூடத்திற் காட்டினார். அவ்வாயு மிகுந்தால் புவி எவ்வளவு வெப்பமுறும் என்பதை 1896இல் சுவீடன் நாட்டு அரீனியஸ் கணக்கிட்டார். அரசியற் சச்சரவு எதுவும் தோன்றுமுன் நிகழ்ந்தவை இவை. 1958இல் ஹவாய்த் தீவின் மலையொன்றில் சார்ள்ஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது அவ்வாயு மில்லியனுக்கு 315 பங்களவில் இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன் அது 280 அளவில் நின்றதைப் பனிப்பாளங்களிற் சிறைப்பட்ட பழங்காற்று காட்டுகிறது.

மிகுந்த வாயு நிலக்கரியிலும் எண்ணெயிலும் இருந்து வந்தது என்பதற்கும் அடையாளம் உண்டு. பல கோடி ஆண்டுகள் மண்ணுள் கிடந்த கரியில் கதிர்வீசும் காபன்-14 எஞ்சியிராது. வளிமண்டலக் காபனில் அதன் பங்கு அதற்கேற்பக் குறைந்து வந்ததை ஹான்ஸ் சூஸ் 1955இல் வெளியிட்டார். சூரியனே காரணமெனில் வளிமண்டலத்தின் மேலடுக்கும் வெப்பமுற வேண்டும். கீழடுக்கு வெப்பமுற மேலடுக்கோ குளிர்கிறது. போர்வை கனத்தால் நிகழ்வது இதுவே. இவற்றையெல்லாம் ஆராய்ந்த பன்னாட்டுக் காலநிலைக் குழு, மனிதச் செயலே புவியை வெப்பமாக்கியது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை என 2021இல் அறிவித்தது.

ஆகவே தீர்ப்பு ஒட்டிப் பேசியோர்க்கே உரியது. ஆயின் விவாதம் அத்துடன் முடியவில்லை. அவையிலிருந்து எழுந்த மாணவி ஒருத்தி, “நடுவர் அவர்களே, மனிதன் என்றால் யார்? எங்கள் ஊராரா?” என்று வினவினாள். நேரம் போதாமையால் அவ்வினாவுக்கு விடை கூறப்படவில்லை.

அவள் மறிச்சுக்கட்டியைச் சேர்ந்தவள். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது அவ்வூரும் வெறிச்சோடியது. 2009இல் போர் ஓய்ந்தபின் மக்கள் திரும்பினர்; அதற்குள் வளவுகளிலும் வயல்களிலும் காடு வளர்ந்திருந்தது. 2012இல் மறிச்சுக்கட்டி–கரடிக்குளிப் பகுதி வர்த்தமானி அறிவித்தல் மூலம் ஒதுக்குக் காடாயிற்று. திரும்பியோர் வில்பத்துவை அழிப்போர் என்று தூற்றப்பட்டனர். மறுபுறத்தில், கல்லாறு ஒதுக்குக் காட்டில் நடந்த காடழிப்புச் சட்டவிரோதமானது என மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020 நவம்பரில் தீர்ப்பளித்ததையும் நாம் மறைக்கலாகாது. காடழிந்தால் அதன் காபன் வானேறும். யார் வெட்டினும் அது இழப்பே.

எனினும் அளவு என்று ஒன்று உண்டு. ஆண்டொன்றுக்கு இலங்கையர் ஒருவரின் பங்காக வெளியேறும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 1 தொன். உலகச் சராசரி 4 தொன்னுக்கு மேல். அமெரிக்கர் ஒருவரின் பங்கு 13 தொன்னுக்கு மேல். எம் நாட்டினுள்ளும், வில்பத்துக்குத் தெற்கே நுரைச்சோலையில் 900 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையம் எரிகிறது. அங்கு பிறக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கை நுகர்வோர் முசலிக் கமக்காரர் அல்லர். ‘மனிதன்’ என்ற ஒருமைச் சொல் இவ்வேற்றுமைகளையெல்லாம் மூடிவிடுகிறது. பத்திரிகைகள் எழுதும் ‘இயற்கையின் சீற்றம்’ குற்றவாளியே இல்லை என்கிறது. ‘மனிதனின் பேராசை’ எல்லோரையும் ஒரே கூண்டில் நிறுத்துகிறது. இரண்டும் இலாபம் கண்டோரைத் தப்பவிடும் சொற்களே.

எழுத்தாளருக்கும் ஆசிரியருக்கும் இங்குப் பணி உண்டு. எவர் எரித்தனர், எவர் பயன் பெற்றனர், எவர் வயலில் உப்பு ஏறுகிறது என்று பெயர் சுட்டி எழுதும் உரைநடை நமக்கு வேண்டும். அடுத்த விவாத அரங்கில் பொருளைச் சிறிது மாற்றியமைக்குமாறு அப்பாடசாலையினரைக் கேட்டுக்கொள்கிறோம்: ‘புவி வெப்பமடைவதற்கு எந்த மனிதர் காரணம்?’ அம்மாணவிக்கு முதலிற் பேசும் வாய்ப்பை அளிப்பார்களாக.