பேணுதலும் ஆளுதலும்: வாணிகக் குடியில் மகளிர் நிலை

இந்தியப் பங்குச் சந்தைகளில் இடம்பெற்றுள்ள நிறுவனங்களுள் சந்தை மதிப்பால் முதல் 1000 இடங்களில் நிற்பன, 2022-23ஆம் நிதியாண்டு தொட்டு, தம் வணிகப் பொறுப்பையும் பேண்தகைமையையும் பற்றிய அறிக்கை ஒன்றை ஆண்டுதோறும் வெளியிடக் கடமைப்பட்டுள்ளன. செபி எனப்படும் இந்தியப் பங்கு பரிவர்த்தனை வாரியம் 2021இல் இதனை விதித்தது. உண்ட நீரும் எரித்த ஆற்றலும் ஒதுக்கிய கழிவும் இத்துணை என்னும் கணக்கோடு, இயக்குநர் அவையில் மகளிர் எத்துணையர் என்னும் கணக்கும் அவ்வறிக்கையில் இடம்பெறும். வளம் குன்றாமற் காத்தலும் பெண்டிர்க்கு ஆட்சியிற் பங்களித்தலும் ஓர் ஏட்டில் அடுத்தடுத்து எழுதப்படுகின்றன. இவ்விரண்டிற்கும் உள்ள உறவு யாது என்னும் வினாவைப் பொருளியலார் ஒருபுறம் ஆய்ந்து வருகின்றனர். தமிழிலக்கியம் பயில்வார்க்கும் இதன்கண் ஆராய்தற்கு இடமுண்டு. ஏனெனில், பேண்தகைமை என நாம் ஆக்கிக்கொண்ட சொல்லின் பகுதியாகிய பேண் என்பதும், ஆட்சி என்பதன் பகுதியாகிய ஆள் என்பதும் நம் நூல்களில் நெடிய வரலாறு உடையன. அவ்வரலாற்றில் பேணுதல் ஒருத்தியின் தலையிலும் ஆளுதல் ஒருவன் கையிலுமாகப் பிரிந்து நின்றன என்பதும், அப்பிரிவால் விளைந்த கேட்டை நம் காப்பியமே காட்டியுள்ளது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

முதற்கண் திருக்குறளை நோக்குவோம். வாழ்க்கைத் துணைநலம் என்னும் 6ஆம் அதிகாரத்தில் இல்லாளுக்கு வள்ளுவர் வகுக்கும் இலக்கணத்துள் வளத்தக்காள் என்பது ஒன்று. கொண்டவனின் வருவாய்க்குத் தக வாழ்க்கை நடத்துவாள் என்பது அதன் பொருள். வரவறிந்து செலவு செய்யும் திறன் இங்கே பெண்ணின் சிறப்பாகப் பேசப்படுகிறது. அவ்வதிகாரத்திலேயே பேணுதல் தொழிலும், சொற்காத்தல் தொழிலும் அவளுக்கே உரியனவாக வைக்கப்படுகின்றன. ஆனால் பொருட்பாலுள் புகுந்தால் நிலைமை மாறுகிறது. அங்கே 91ஆம் அதிகாரம் பெண்வழிச் சேறல் என்னும் தலைப்புடையது. மனையாள் சொல்வழி நடப்பான் அறவினையும் பொருளும் எய்தான் என்பது அதன் போக்கு. காமத்தான் மயங்கினாரையே ஆசிரியர் இடித்துரைத்தார் என அமைதி கூறுவாரும் உளர். அவ்வமைதி முற்றும் பொருந்துமாறில்லை. அதிகாரத்துள் இல்லாள் என்றே பெயர் சுட்டப்படுதலின், மனைக்கண் நல்லறிவு உரைப்பாளும் அவ்விலக்கிற்குத் தப்பாள். எனினும் ஒரு நுட்பம் ஈண்டுக் கருதத்தக்கது. அவ்வதிகாரத்தின் 2ஆம் குறள் பேணாது என்னும் எச்சத்தோடு தொடங்குகிறது. பேணாதவன் ஆண்மகன், கெடுவது அவன் ஆக்கம். பரிமேலழகர் 'தன் ஆண்மையை விட்டு' எனச் செயப்படுபொருள் வருவித்து உரைப்பர். குறளிலோ இன்னதைப் பேணாது என்னும் வரையறை இல்லை. பேண வேண்டியது எதுவோ அதனைப் பேணாதவன் எனப் பொதுவாகக் கொள்ளின், பேணுங் கடமை ஆடவனுக்கும் உண்டு என்பது வள்ளுவர்க்கு உடன்பாடாதல் பெறப்படும். உரை வகுத்த பெருமக்கள் இவ்வழியிற் செல்லாதது வியப்பன்று.

குறள் விதியாக உரைப்பதைச் சிலப்பதிகாரம் கதையாக நடத்திக் காட்டுகிறது. தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் சிலம்பைப் பற்றிய தம் நூலுக்குக் குடிமக்கள் காப்பியம் என்றே பெயரிட்டார். அக்குடிமக்கள் வாணிகக் குடிமக்கள் என்பதை நாம் சிறிது அழுத்தி நோக்குதல் வேண்டும். கண்ணகியின் தந்தை மாநாய்கன், கடல் வாணிகன். கோவலன் தந்தை மாசாத்துவான், சாத்தொடு செல்லும் தரை வாணிகன். அவர்தம் மக்கள் திருமணம் இரு மனங்களின் கூட்டம் என்பதோடு, புகாரின் இருபெரு வாணிக நிலையங்களின் கூட்டமும் ஆகும். மணம் முடிந்தபின் கோவலனின் தாய், பெருமனைக் கிழத்தி, அவ்விருவரையும் வேறு மனையில் வைத்து, செல்வமும் ஏவலரும் வகுத்தளித்து, இல்லறம் நடத்தும் பாங்கைக் காண விழைகிறாள். கிழமை என்பது உரிமை. கிழத்தி என்பாள் உரிமையுடையாள். அச்சொல்லின் பொருளுக்கேற்ப ஒரு பெண் செயற்படும் இடம் இக்காப்பியத்தில் அரிது. அவ்வரிய இடத்தில் அவள் ஒரு புதிய நிலையத்துக்கு முதலீந்து, இளையோர் திறத்தை ஆய்கிறாள். அதன்பின் அவள் குரல் கேட்பதில்லை.

கண்ணகியோ அம்மனையின் கிழத்தி எனப் பெயர் பெற்றும், முதலைப் பற்றிய எம்முடிவிலும் பங்கு கொண்டாள் அல்லள். 1008 கழஞ்சு பொன் விலையிட்ட மாலையைக் கூனி தெருவில் நின்று விலை கூற, அதனை வாங்கிக்கொண்டு கோவலன் மாதவி மனை புகுந்தான். அந்நாள் தொட்டுக் குடிவழி வந்த செல்வம் கரைந்தது. எத்துணையாண்டு, எத்துணைப் பொருள் என்பன இளங்கோவால் விரித்துரைக்கப்படவில்லை. மலையெனக் குவிந்த பொருள் தொலைந்தது எனக் கோவலன் வாயாலேயே பின்னர் அறிகிறோம். இந்நெடுங்காலத்தில் அவனை வினவினார் யார்? மாமனும் மாமியும் மருமகளை வந்து கண்டதையும், அவள் தன் துயரை மறைத்து முறுவலித்ததையும், அப்பொய்ம் முறுவலுக்கு அவர் உள்ளம் வருந்தியதையும் கொலைக்களக் காதையில் கண்ணகியே கூறுகிறாள். ஆகவே மூத்தோர் அறிந்திருந்தனர். அறிந்தும், மகனை அழைத்துக் கணக்குக் கேட்டதாகக் காப்பியத்தில் யாண்டும் இல்லை. கண்ணகி பேணினாள், மூத்தோர் பாராட்டினர், கோவலன் செலவிட்டான்.

இவ்விடத்தில் உரையாசிரியரும் திறனாய்வாளரும் கண்ணகியின் அமைதியைக் கற்பின் பொறுமை எனப் போற்றுவது வழக்கம். அப்போற்றுதலை நான் மறுக்கவில்லை. ஆயினும் அவ்வமைதியைப் பண்பாக மட்டும் கொண்டால், காப்பியத்தின் கட்டமைப்பில் அது ஆற்றும் பணி மறைந்துவிடும். கண்ணகி தீர்மானம் அற்றவள் என்று எண்ணுதற்கில்லை. சோமகுண்டமும் சூரியகுண்டமும் மூழ்கிக் காமவேள் கோட்டம் தொழுதால் கணவனைப் பெறலாம் எனத் தேவந்தி கூறியபோது, அது பெருமை தருவதன்று என ஒரே சொல்லில் மறுத்தவள் அவள். மதுரையில், அடிசில் இட்டபின், கோவலனின் ஒழுக்கம் போற்றத்தக்கதன்று என அவன் முகத்துக்கு நேரே கூறியவளும் அவளே. அவ்வுரையில் அவள் எண்ணிக் காட்டும் இழப்புக்களை நோக்குக: அறவோர்க்கு அளித்தல், அந்தணர் ஓம்பல், துறவோர்க்கு எதிர்தல், விருந்தெதிர்கோடல். இவை யாவும் அம்மனையின் அறச்செலவுகள். தலைவன் பிரிந்ததால் அச்செலவுகள் நின்றன என்பது அவள் முறையீடு. ஆடம்பரச் செலவு பெருகியபொழுது அறச்செலவு அற்றது என்னும் கணக்கை முதன்முதல் கூட்டிக் காட்டுபவள், அக்கணக்கில் கையிடும் உரிமை மறுக்கப்பட்ட பெண்ணே. ஆனால் அவள் அதனைக் கூறும்பொழுது எஞ்சிய முதல் ஓரிணைச் சிலம்பு. அதனையும் அவளே முன்வந்து நீட்டினாள். அதில் ஒன்றை விற்று வாணிகம் தொடங்கும் முடிவை மட்டும் கோவலன் செய்தான்.

வழக்குரை காதையில் அவள் நிலை தலைகீழாகிறது. அரசவையில் அவள் எவர்க்கும் உறவினள் அல்லள், எவர் தயவிலும் வாழ்பவள் அல்லள். கள்வனைக் கோறல் முறையே என மன்னன் கூற, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். தேவியின் சிலம்பின் பரல் முத்து என மன்னனே ஒப்புகிறான். உடைத்துப் பார்த்தபின் வாதம் இல்லை. பொற்கொல்லன் சொல், காவலர் செயல், மன்னன் ஆணை என மூன்று படிகளைக் கடந்துவந்த பிழையை, உள்ளே இருப்பது என்ன என ஒரு வினாவால் வெளிப்படுத்துகிறாள். அவ்வினாவை முன்னரே கேட்டிருக்க வேண்டிய சுற்றம் அரசனைச் சூழ இருந்தது. ஐம்பெருங்குழுவும் எண்பேராயமும் அரசர்க்குரிய சுற்றமாக இந்நூலே வேறிடத்தில் கூறுவன. அடியார்க்கு நல்லார் அவற்றை விரித்து எண்ணுமிடத்து மகளிர்க்கு இடமில்லை. மனையில் பேணுபவளாக இருந்தபோது கேளாத வினாவை, புறத்தாளாக நின்றபோது அவள் கேட்டாள் என்பதைக் கருதுக. அதற்குள் இரு வாணிகக் குடிகளும் முடிந்துவிட்டன. நீர்ப்படைக் காதையில் மாசாத்துவான் தன் பொருளெல்லாம் தானம் செய்து புத்த விகாரம் புகுந்தான் எனவும், மாநாய்கன் ஆசீவகர்பாற் சேர்ந்தான் எனவும், தாயர் இருவரும் உயிர் நீத்தனர் எனவும் கேட்கிறோம். வாணிகம் தொடர்தற்கு ஒருவரும் எஞ்சவில்லை.

மணிமேகலை கோவலன் மகள். தந்தை செல்வம் தொலைத்த அதே புகாரில் மகள் அமுதசுரபியை ஏந்தி நிற்கிறாள். அப்பாத்திரத்தில் முதற்பிச்சை இடுபவள் ஆதிரை. அவள் கணவன் சாதுவனும் கணிகைபொருட்டுக் கைப்பொருள் இழந்து கடலோடியவன். சாத்தனார் இவளைத் தேர்ந்தது தற்செயலாகத் தோன்றவில்லை. பின்னர் மணிமேகலை அரசனிடம் வேண்டுவது ஒன்றே: சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்குக என்பது. அரசன் இசைகிறான். ஒரு பெண்ணின் சொல்லால் ஒரு நகரத்தின் ஆட்சி உறுப்பொன்று மாறிய இடம் இது. வற்றாத பாத்திரம் புனைவாதலின் வளம் குன்றாமை பற்றி அதனால் அறியலாவது ஒன்றுமில்லை என்பார்க்கு, காஞ்சியை நோக்குமாறு கூறலாம். மழையின்றி வாடிய அந்நகரில், பாத்திரத்தால் பசி தீர்ப்பதற்கு முன்னரே, மணிபல்லவத்துப் பொய்கையும் பொழிலும் போன்றவை அமைக்கப்படுகின்றன. உணவுக்கு முன் நீர்நிலை என்னும் முறைவைப்பு கவிஞருடையது. ஆயினும் ஒன்று: மணிமேகலைக்கு இவ்வதிகாரம் மனையையும் வாணிகத்தையும் துறந்தபின்னரே கிட்டியது. துறவாத பெண்ணுக்கு அதனை அளிக்கக் காப்பியக் காலம் துணியவில்லை.

கல்வெட்டுக்கள் இதே பிரிவை வேறு வகையில் காட்டுகின்றன. கோயில் நந்தாவிளக்குக்கு ஆடு விடும் சோழர் கால வழக்கில், பெரும்பாலும் விளக்கொன்றுக்கு 90 அல்லது 96 ஆடு விடப்படும். அவை சாவா மூவாப் பேராடு எனப்படும். ஆடு சாகும், மூக்கும். மந்தையின் எண்ணிக்கை குறையலாகாது என்பதே அத்தொடரின் கருத்து. முதல் குன்றாமற் பயன் மட்டும் கொள்ளுதல் என்னும் கொள்கையை இதனினும் சுருங்கச் சொல்லிய தொடர் எம்மொழியிலும் இருக்குமோ என ஐயுறுகிறேன். பொன்னும் காசும் அவ்வாறே முதல் நிற்கப் பொலிசைக்கு விடப்பட்டன. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனின் தமக்கையார் குந்தவையார் அளித்த காசுகளுக்கு, காசொன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை என வரையறுக்கப்பட்டுள்ளது. ஈந்தவர் பெண்; கடன்கொண்டு பொலிசை செலுத்தியவை ஊர்ச்சபைகள். அச்சபைகளில் அமர்வார்க்குரிய தகுதியைப் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921) விரித்துரைக்கும். நிலமும் மனையும் உடைமை, 35க்கு மேல் 70க்குள் அகவை முதலியன கூறி, முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதாரையும் அவர்தம் உறவினரையும் அது விலக்குகிறது. அவ்வுறவுப் பட்டியலில் சிற்றவ்வை, பேரவ்வை, அத்தை, உடன்பிறந்தாள், மகள் எனப் பெண்கள் வருகின்றனர். ஆனால் ஓர் ஆடவனை மற்றோர் ஆடவனோடு இணைக்கும் கணுக்களாக மட்டுமே வருகின்றனர். ஏரி வாரியத்தார்க்கு ஏரியைக் காக்கத் தெரிந்திருந்தது. அவ்வேரியில் நாள்தோறும் நீர் முகந்தவர்க்கு அவ்வாரியத்தில் இடமில்லை.

இனி இக்காலத்துக்கு வருவோம். பேண்தகு வளர்ச்சிக்கு இன்று உலகம் வழங்கும் விளக்கம் 1987ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் ஆணையக்குழு வகுத்தது. அக்குழுவின் தலைவர் நார்வே நாட்டுத் தலைமையமைச்சர் குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் அம்மையார். அந்நாடே 2003இல் பொது நிறுவனங்களின் இயக்குநர் அவையில் இருபாலாரும் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும் எனச் சட்டம் செய்தது. 2008க்குள் இணங்காத நிறுவனம் கலைக்கப்படலாம் என்பது அதன் கடுமை. விளைவு பற்றி அறிஞர் ஒருமுகமாக இல்லை. ஏகர்னும் டிட்மாரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு நிறுவன மதிப்புச் சரிந்தது என்றது; பெர்ட்ரான்டும் உடனாய்ந்தாரும் 2019இல், அவையேறிய மகளிர் தகுதியிற் குறைந்தாரல்லர், ஆனால் அந்நிறுவனங்களின் கீழ்நிலைப் பெண் ஊழியர்க்குக் குறிக்கத்தக்க நன்மை விளையவில்லை என்றனர். பின்னையது இலக்கிய மாணவர்க்குப் புதுமையன்று. பெருமனைக் கிழத்தி ஒருத்தி இருந்ததால் மருமகளுக்கு நன்மை விளைந்ததில்லை.

இந்தியாவில் 2013ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தின் 149ஆம் பிரிவு, பங்குச் சந்தையில் இடம்பெற்ற நிறுவனம் ஒவ்வொன்றும், 100 கோடி ரூபாய்ப் பங்கு முதலோ 300 கோடி ரூபாய் விற்றுமுதலோ உடைய பிற பொது நிறுவனங்களும், ஒரு பெண் இயக்குநரையேனும் கொள்ளுதல் வேண்டும் என வகுத்தது. ஒரு பெண் என்றதேயன்றி எவ்வகைப் பெண் என்று கூறவில்லை. உரிமைக் குடும்பத்து மனைவியரும் மகளிரும் பல அவைகளில் அவ்விருக்கையை நிரப்பினர். அவருள் ஆற்றல் மிக்கார் இலர் என்பது என் கருத்தன்று. ஆயின், கோவலன் மனையில் கண்ணகியை அமர்த்திவிட்டு அவையில் அமர்த்தியதாகக் கணக்கெழுதுவதை ஒத்தது அம்முறை. செபி இக்குறையை உணர்ந்தது. சந்தை மதிப்பால் முதல் 500 நிறுவனங்கள் 2019 ஏப்ரல் முதலும், முதல் 1000 நிறுவனங்கள் 2020 ஏப்ரல் முதலும், சார்பற்ற பெண் இயக்குநர் ஒருவரையேனும் கொள்ளவேண்டும் என அது விதித்தது. சார்பற்ற என்னும் ஒரு சொல்லே இங்கே வேறுபாடு. மனைக்கும் வழக்குரை மன்றத்துக்கும் இடையே கண்ணகி நடந்த தொலைவை அச்சொல் குறிக்கிறது.

எனினும் விதி ஒருவரையேனும் என்பதோடு நின்றது. ஒருத்தி தனித்து நின்று சிலம்பை உடைப்பது காப்பியத்துக்குப் பொருந்தும். ஆண்டுக்கு நான்கு முறையேனும் கூடும் அவையில், ஏரியின் நீர்க்கணக்கையும் ஆலையின் கழிவுக்கணக்கையும் இதன் பரல் யாது எனக் கேட்டுக்கொண்டிருக்க ஒருத்தி போதுமா என்பது, பேண்தகைமை அறிக்கைகளில் மகளிர் எண்ணிக்கைக்கு ஒதுக்கிய கட்டத்தை நிரப்புவோர் விடையிறுக்க வேண்டிய வினா. அவ்வறிக்கைகள் தமிழில் எழுதப்படுமாயின், அவர்கள் அவ்வம்மையாரை இயக்குநர் என்றே எழுதுவர். தலைவி என்று எழுதார். அகத்திணையில் தலைவி காத்திருப்பவள்.