சுருளும் தேர்வும்

டிஜிட்டல் காமிரா பெருகிவிட்ட இக்காலத்தும் நடுத்தர அளவுப் படச்சுருளை விடாது போற்றுவோர் உளர். 120 எனக் குறிக்கப்பெறும் அச்சுருள் 1901ஆம் ஆண்டு முதல் வழங்கி வருவது. அதிற் பதியும் சதுரப் படத்தின் பக்கம் ஏறத்தாழ 56 மில்லிமீட்டர். 35 மில்லிமீட்டர்ச் சுருளின் படத்தைப்போல் பரப்பில் மூன்றரை மடங்குக்கு மேற்பட்டது. ஆயின், ஒரு சுருளில் இத்தகைய படங்கள் பன்னிரண்டே கிட்டும். குறைவாக எடுப்பவன் எண்ணி எடுப்பான், எண்ணி எடுப்பவனே கலைஞன் என்பது அவர்தம் வாதம். இவ்வாதம் ஆராயத்தக்கது.

அமெரிக்கப் பெண்மணி விவியன் மையர் (1926–2009) இதற்குத் தக்க சான்று. சிகாகோப் பகுதியில் பிறர் குழந்தைகளைப் பேணும் செவிலியாக வாழ்ந்த அவர், ரோலைபிளெக்ஸ் காமிராவுடன் தெருக்களில் உலவினார். அக்கருவியில் மேல்வில்லை பார்ப்பதற்கு, கீழ்வில்லை பதிவதற்கு. அதனை மார்பளவிற் பிடித்துத் தலைகுனிந்தே நோக்குதல் வேண்டும். எதிர்நிற்பவரை முறைக்கும் கண் அங்கில்லை. நோக்கும் இடமும் தாழ்கிறது. ஆதலின் அவர் படங்களில் குழந்தைகள் சிறுத்துத் தோன்றுவதில்லை. வறியவரும் இரக்கப்பொருளாகாது நிமிர்ந்து நிற்கின்றனர். கருவி கலைக்குச் செய்த துணை இதுவே. சுருளின் சிறுமை செய்த துணையன்று.

பன்னிரண்டு என்னும் வரம்பு அவர் கையைக் கட்டவில்லை. பிற்காலத்தில் 35 மில்லிமீட்டர்க் கருவிகளையும் கையாண்ட அவர் விட்டுச்சென்ற படங்கள் ஓர் இலட்சத்திற்கும் மேல்! நூற்றுக்கணக்கான சுருள்கள் கழுவப்படாமலே கிடந்தன. வாடகை செலுத்தப்படாமையால் அவர் பொருள்கள் 2007இல் ஏலம் போயின. வாங்கியோர் தேர்ந்து வெளியிட்டவற்றையே உலகம் மையரின் கலை எனப் பாராட்டுகிறது. குறுந்தொகையைப் பாடியோர் வேறு, தொகுத்த பூரிக்கோ வேறு என்பதைத் தமிழ் கற்றோர் அறிவர். தொகுத்தவர்க்குரிய இடத்தை நம் மரபு மறைக்கவில்லை. மையரைப் பற்றி எழுதுவோரும் அந்நேர்மையைக் கைக்கொள்ளல் வேண்டும். எடுத்த கண்ணுக்குரிய புகழையும் தேர்ந்த கண்ணுக்குரிய பொறுப்பையும் ஒன்றாகக் குழப்புதல் திறனாய்வு ஆகாது.

கைப்பேசியில் நாளொன்றுக்கு நூறு படம் எடுத்து ஒன்றையும் திரும்பிப் பாராதவனும் தேர்வைத் தட்டிக்கழிப்பவனே. அவ்வகையில் சுருளுக்கும் டிஜிட்டலுக்கும் வேற்றுமையில்லை. எனினும் ஒரு வேற்றுமை உண்டு. டிஜிட்டல் காமிராவில் பிழைபட்ட படத்தை அந்நொடியே அழித்துவிடலாம்.  சுருளிலோ, முன்னும் பின்னும் எடுத்தவை வரிசை குலையாமல் நிற்கும். ஆகவே, இன்று தேர்ந்தவர் தவறினும் நாளை வருவோர் திருத்த இடமுண்டு.

சுருளின் பெருமை அதன் அருமையில் இல்லை. பிழையையும் பேணிவைக்கும் அதன் இயல்பில் உள்ளது. தேர்ந்தெடுக்கும் பொறுப்பை எக்கருவியும் மனிதனுக்காக ஏற்காது.