வாலில் பத்து இலக்கம்

பல கணினிகள் கூடி ஒரு வேலையில் இறங்கினால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கணக்குப்பிள்ளை வேண்டும். தலைவர் யார், அடுத்த முறை யாருக்கு, யார் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்பதையெல்லாம் ஒரே வரிசையில் பதிந்து வைக்க ஒருவர். யாகூவில் பிறந்து அப்பாச்சியில் வளர்ந்த ஜூகீப்பர் அப்படியொரு கணக்குப்பிள்ளை. தாய்மொழி ஜாவா. ஆனால் சி வந்தாலும் பைத்தான் வந்தாலும் கோ வந்தாலும் முகம் சுளிக்காமல் பேசும். அந்தப் பேச்சில் ஒளிந்திருக்கும் சின்னச் சின்ன அழகுகளைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், வாருங்கள்.

இது எளிதில் கைகூடும் அழகு அல்ல. கூகுளிலும் இதே வேலைக்கு சப்பி என்ற சேவை உண்டு. அதைப் பற்றி 2006-ல் கட்டுரை எழுதிய மைக் பரோஸ், சி++-ல் இருந்த அதன் க்ளையன்ட் நூலகம் மட்டும் 7,000 வரி என்கிறார். அதை ஜாவாவில் திரும்ப எழுதிப் பராமரிப்பது பெரும்பாடு என்பதால், ஜாவாக்காரர்களுக்காக நடுவில் இன்னொரு சர்வரை நிறுத்தினார்கள். பழைய கம்பெனி நாட்களின் துபாஷியைப் போல, இருவருக்கும் இடையில் நின்று பெயர்த்துச் சொல்லும் சர்வர். ஜூகீப்பரிடம் பேசும் கஸூ என்ற பைத்தான் நூலகத்துக்குத் துபாஷி இல்லை. சி நூலகத்தின் தோளில்கூட அது ஏறவில்லை. முழுக்கப் பைத்தானிலேயே நின்று, சர்வரின் பைட்டுகளை நேருக்கு நேர் பேசுகிறது. பேச முடிகிற அளவுக்கு அந்தப் பைட்டுகள் தெளிவாக இருப்பதுதான் முதல் நயம்.

ஜூகீப்பரின் மூலநிரலில் ஒரு கோப்பு இருக்கிறது. பேச்சில் வரும் ஒவ்வொரு செய்தியின் வடிவமும் அதில் எழுதியிருக்கும். ஜாவாவுக்கும் சி-க்கும் வேண்டிய நிரல் அதிலிருந்தே பிறக்கும். அந்த வடிவங்களை எழுதும் மொழியின் பெயர் ஜூட், அதாவது சணல். பெயருக்கேற்ற முரட்டு எளிமை: முழு எண், நீள எண், எழுத்துச்சரம், பைட் கட்டு, பட்டியல் என ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் வகைகள். ஜூகீப்பர் வைத்திருக்கும் பதிவு ஒவ்வொன்றும் ஒரு நோடு. அப்படி ஒரு நோடுக்கு ‘வரிசை’ என்று தமிழிலேயே பெயர் வைத்துப் பாருங்கள். நம் கண்ணுக்கு அது மூன்று எழுத்து. ஜாவாவைக் கேட்டால் ஐந்து என்னும், பைத்தானும் ஐந்து என்னும், சி பதினைந்து என்னும். கம்பியில் போவதற்கு ஒரே கணக்குதான்: முதலில் நான்கு பைட்டில் 15 என்ற நீளம், பின்னாலேயே யூடிஎஃப்-8-ல் பதினைந்து பைட்டுகள். யாருடைய எண்ணிக்கை சரி என்ற சண்டைக்கு அங்கே இடமே இல்லை.

அந்த நீளத்துக்குள் இன்னொரு மென்மையும் உண்டு. காலியாக ஒன்றை அனுப்பினால் நீளம் 0. ஒன்றுமே இல்லை என்றால் நீளம் -1. வெறும் பாத்திரத்தை நீட்டுவதும் பாத்திரமே இல்லாமல் நிற்பதும் ஒன்றல்லவே! இந்த வேறுபாட்டை ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு விதமாகச் சொல்லும். இங்கே அத்தனையும் ஒரு கழித்தல் குறியில் அடங்கிவிடுகிறது.

அடுத்து, க்ளையன்ட் சர்வருக்குச் சொல்லும் முதல் வணக்கம். இணைப்பு அறுந்து மீண்டும் வரும் க்ளையன்ட், தன் செஷன் எண்ணோடும் 16 பைட் கடவுச்சொல்லோடும், தான் கடைசியாகக் கண்ட மாற்றத்தின் எண்ணையும் சேர்த்துச் சொல்கிறது. எட்டே பைட். கேட்கும் சர்வர் சற்றுப் பின்தங்கியிருந்தால், வந்தவர் அறிந்தது தனக்கு இன்னும் எட்டவில்லை என்று உணர்ந்து இணைப்பை மறுத்துவிடுகிறது. க்ளையன்ட் வேறு சர்வரைத் தேடிப் போகிறது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாத அந்த அடக்கம் எத்தனை அழகு! ஒருமுறை கண்ட காலம் அந்த க்ளையன்டுக்குப் பின்னோக்கி ஓடாது. இந்த வாக்குறுதியைப் பெற ஒரு புதிய மொழி செய்யவேண்டியது, ஓர் எண்ணை மறக்காமல் வைத்திருப்பது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் லாக், அதாவது ஒரு நேரத்தில் ஒருவர் கையில் மட்டுமே இருக்கும் பூட்டு. வரிசையில் நிற்க வரும் ஒவ்வொருவரும் ஒரு தற்காலிக நோடைப் பதிகிறார். சர்வர் அதன் பெயரின் வாலில் டோக்கன் எண்ணைக் கட்டிவிடுகிறது. ஏழு என்று மொட்டையாக அல்ல, 0000000007 என்று பத்து இலக்கமாக. முன்னால் நிற்கும் அந்தச் சுழியங்களைப் பாருங்கள். அவற்றின் தயவால், வால்களை எழுத்தாக அடுக்கினாலும் எண்ணாக அடுக்கினாலும் வரிசை ஒன்றே. எல்லாரிலும் சிறிய எண்காரர் கையில் லாக். மற்றவர் தமக்கு நேர் முன்னால் நிற்பவரை மட்டும் கவனித்தால் போதும். முன்னவர் மாண்டுபோனால் செஷன் காலாவதியாகி நோடும் தானே மறையும்.

வால் சர்வருடையது, தலை க்ளையன்டுடையது. நோடு பதிவாகி, பதில் வருமுன் கம்பி அறுந்தால், கூட்டத்தில் தன் டோக்கனை எப்படி அடையாளம் காண்பது? ஜாவாவின் க்யூரேட்டர் நூலகமும் பைத்தானின் கஸூவும் ஒரே விடையைக் கண்டிருக்கின்றன: பெயரின் முன்பகுதியில் வேறெவருக்கும் வாய்க்காத ஒரு தனி அடையாளம். அதற்கும் எண்ணுக்கும் நடுவே மட்டும் வீட்டு வழக்கம் மாறுகிறது. க்யூரேட்டர் ‘லாக்’ என்ற சொல்லின் இருபுறமும் ஒற்றைக் கோடு இடுகிறது. கஸூ இரண்டிரண்டு அடிக்கோடு இடுகிறது.

பிற்காலத்தில் கஸூ தன் லாக்கில் ஒரு சிறு திண்ணை கட்டியது. வேறு பெயர் வழக்கங்களை அதில் குறித்துவிட்டால், அப்படிப் பெயர் கொண்ட அயல்மொழி நோடுகளையும் தன் வரிசையில் நிற்பவர்களாகவே அது எண்ணும். ஒற்றைக் கோடுகாரர் முன்னால் நின்றால், இரட்டை அடிக்கோடுகாரர் காத்திருப்பார். இருவருடைய வாலிலும் இருப்பது அதே பத்து இலக்கம்.