வெளுத்துக் கட்டுகிறார்கள்

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு மரவள்ளிக் கொல்லை. வரப்பில் உட்கார்ந்திருந்த பாட்டியைப் படம் எடுத்தேன். எழுபதைத் தாண்டிய கறுத்த முகம். இரண்டு பக்கமும் மூக்குத்தி. இடது புருவத்துக்கு மேலே, எப்போதோ விறகு வெட்டும்போது பட்ட தழும்பு. "எனக்கு ஒண்ணு குடு சாமி" என்றார். ஆதார் அட்டையில் இருப்பதை விட்டால் அவருக்குப் படமே கிடையாதாம். கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

கள்ளக்குறிச்சியில் ஒரு லேபில் 8-க்கு 12 பிரிண்ட் போட்டேன். கவரைப் பிரித்துப் பார்க்காமலே வாங்கி வந்தது என் தப்பு. அடுத்த மாதம் மலையேறிப் போய் நீட்டினால், பாட்டி அதைக் கையை நீட்டித் தள்ளி வைத்துப் பார்த்துவிட்டு, "யாரு சாமி இது?" என்றார். கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார். முகம் கோதுமை நிறத்துக்குப் போயிருந்தது. சுருக்கங்களுக்கு இஸ்திரி போட்டிருந்தார்கள். தழும்பைக் காணோம்!

லேப் பையனிடம் கேட்டேன். "பளிச்சுனு பண்ணிக் குடுத்திருக்கேன் சார். இல்லேன்னா கஸ்டமர் திட்டுவாங்க" என்றான். பாதி உண்மை. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கக் கொடுக்கும் போட்டோவில் ஆரம்பித்து கல்யாண ஆல்பம் வரை, 'கொஞ்சம் கலரா வரட்டும்' என்று கேட்டுக் கேட்டு அவர்களைப் பழக்கியது நாம்தானே?

மீதிப் பாதி மெஷினின் வேலை. பிரிண்ட் போடும் சாஃப்ட்வேரை ஆட்டோவில் விட்டால், அது படம் முழுவதையும் கலக்கிச் சராசரி பார்க்கும். எல்லாம் கலந்தால் சாம்பல் நிறம் வரவேண்டும் என்பது அதன் சித்தாந்தம். பச்சை அதிகமாக இருந்தால் அதை அமுக்க மெஜந்தாவை ஏற்றும். கல்வராயன் மலையில் பச்சையை விட்டால் வேறென்ன இருக்கிறது? மரவள்ளி இலை வெளிறிப்போய், ஆள் முகம் அரிதாரம் பூசிய கூத்துக்காரர் மாதிரி ரோஸ் கலரில் வந்து நிற்கும். பின்னணி இருட்டாக இருந்தால் இன்னும் விசேஷம். மொத்தத்தையும் வெளுத்துவிடும்.

இதற்கு ஒரு பூர்விகம் உண்டு. 1950-களில் அமெரிக்காவின் கோடாக் கம்பெனி லேப்களுக்கு ஓர் அட்டை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் போஸ் கொடுத்தவர் பெயர் ஷெர்லி. பிறகு யார் போஸ் கொடுத்தாலும் அது 'ஷெர்லி கார்டு'தான். ஷெர்லியின் தோல் சரியாக வந்தால் மெஷின் சரி. கறுத்தவர்கள் எப்படி வந்தால் யாருக்கென்ன? சாக்லெட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் 'எங்கள் சரக்கின் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை' என்று புகார் சொன்ன பிறகுதான் கோடாக் இதைக் கவனித்தது என்று கனடா ஆய்வாளர் லோர்னா ராத் எழுதியிருக்கிறார். மனுஷனுக்காக அல்ல, மேஜை நாற்காலிக்காக! வெவ்வேறு நிறத்துப் பெண்கள் சேர்ந்து நிற்கும் அட்டை 1990-களில்தான் வந்தது. ஃபிலிம் போய், ஷெர்லியும் போயாச்சு. நம்மூரில் கை மட்டும் டென்சிட்டி மைனஸ் பட்டனை விட்டு நகரவில்லை.

ஆகவே கவுன்டரில் நீங்கள் சொல்லவேண்டிய முதல் வார்த்தை, 'கரெக்ஷன் வேணாம், முகத்துல கை வைக்காதீங்க.' பெரிய சைஸ் போடும் முன் 4-க்கு 6-ல் ஒரு டெஸ்ட் கேளுங்கள். அதைக் கடை டியூப்லைட்டில் பார்க்காதீர்கள். வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சும்மா தட்டிவிட்டால் படம் சுருங்கிப்போகும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அல்லது பென் டிரைவ். 8-க்கு 12-க்கு, 2400-க்கு 3600 பிக்ஸல் இருந்தால் ராஜா.

இன்னொன்று. போன் கேமரா பெரும்பாலும் 4-க்கு 3 என்ற கணக்கில் எடுக்கிறது. 4-க்கு 6 பேப்பரின் கணக்கு வேறு. பேப்பரை நிரப்பினால் படத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். அந்த ஒரு பங்கில்தான் தாத்தாவின் தலைப்பாகை இருக்கும். 'வெள்ளை பார்டர் விழுந்தாலும் பரவாயில்லை, முழுசா போடுங்க' என்று சொல்லிவிடுங்கள்.

லேப்காரர்களுக்காகவும் ஒரு வார்த்தை பேசிவிடுகிறேன். போன் திரை தானே ஒளிர்கிறது, பேப்பர் ஒளிராது. வெளிச்சத்தை முழுசாக ஏற்றி வைத்துப் பார்த்துவிட்டு, 'பிரிண்ட் இருட்டா இருக்கு' என்று சண்டைக்குப் போகிறோம். அவர் பயந்துபோய் அடுத்த ஆளின் படத்தையும் சேர்த்து வெளுக்கிறார். போன் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு ஒப்பிடுவதுதான் நியாயம்.

அதே லேப், அதே பையன். கரெக்ஷன் இல்லாமல் மூன்று டெஸ்ட் போட்டான். மூன்றாவதில் பாட்டி வந்தார், தழும்போடு. "இப்படியே போடட்டுமா சார்?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டான்.

மறுபடி மலையேறினேன். பாட்டி படத்தை வாங்கி, புருவத்துக்கு மேலே விரலால் தடவிப் பார்த்தார். "இவ்ளோ கெழவியாவா இருக்கேன்?" என்றார். பழைய பிரிண்ட்டைத் திருப்பிக் கேட்டேன்.

"அதுவும் இருக்கட்டும் சாமி" என்று மடியில் வைத்துக்கொண்டார்.