தந்தையின் கண்ணீரும் சங்கத்தின் விதியும்

புத்தர் என்றதும் நம் மாணவர் மனத்தில் எழுவது, நள்ளிரவில் உறங்கும் மனைவியை விட்டு அகலும் இளவரசனின் உருவமே. எட்வின் ஆர்னால்டின் 1879ஆம் ஆண்டுக் காவியத்தைத் தழுவிக் கவிமணி பாடிய ‘ஆசிய ஜோதி’ அவ்வுருவைத் தமிழில் நிலைநாட்டிற்று.

பாளி மஜ்ஜிம நிகாயத்து அரியபரியேசன சுத்தமோ வேறு விதமாகக் கூறுகிறது. பெற்றோர் மனம் ஒவ்வாது அழுதுகொண்டிருக்கவே தலைமழித்துத் துறவு பூண்டதாகப் புத்தரே அங்குச் சொல்கிறார். அங்கே இரவும் இல்லை, ஒளிவும் இல்லை. யசோதரை என்னும் பெயரும் இல்லை. விநய பிடகம் அவளை ‘இராகுலன் தாய்’ என்றே சுட்டுகிறது.

விநய மகாவக்கத்தில் இதனினும் அரிய காட்சியொன்று உண்டு. பேரன் இராகுலனுக்கும் துறவு அளிக்கப்பட்டபோது, சுத்தோதனர் தம் வேதனையை மகன் முன் வைக்கிறார். பெற்றோர் இசைவின்றி எவர் பிள்ளைக்கும் துறவு அளிக்கலாகாதெனப் புத்தர் விதிக்கிறார்.

பிற்காலச் சரிதங்கள் குடும்பத்தை உறங்கவைத்தன. ஆதி நூலோ அதன் அழுகையைக் கேட்டு விதியாக்கிற்று. 1987இலும் 1991இலும் நிகழ்ந்த படுகொலைகளில் பிள்ளைகளைப் பறிகொடுத்த கொக்கட்டிச்சோலையில் ஆசிரியராயிருக்கும் நாம் கற்பிக்க வேண்டியது இந்த ஆதி நூலின் புத்தரையே. பெற்றோர் கண்ணீருக்குச் செவிசாய்க்காத பௌத்தம், எந்த அரியணையில் அமர்ந்தாலும், அவ்விதிக்கு அந்நியமானதே.