புகை கடைசியில்தான்

பானைக்கு மூடி போடவில்லை. பானையின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஒரு மண்கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, அதைத் தூக்கிக் கழுத்தில் உட்கார வைத்தார் அந்த அம்மாள். கீழே பயறு கொதிக்கக் கொதிக்க, மேலே கிண்ணத்துத் தண்ணீரும் அந்த ஆவியிலேயே சூடேறியது. பானையில் தண்ணீர் சுண்டியதும் கிண்ணத்தைச் சாய்த்து அதிலிருந்தே கொஞ்சம் ஊற்றினார். குறைந்த அளவுக்குக் குழாய்த் தண்ணீர் பிடித்து, மறுபடி மேலே ஏற்றினார். கொதிக்கிற பயறின் தலையில் பச்சைத் தண்ணீர் விழுந்தால் அது விறைத்துக்கொள்ளும், அப்புறம் எத்தனை கெஞ்சினாலும் வேகாது என்பது அவர் கட்சி. அது எவ்வளவு தூரம் உண்மையோ, மூடியும் வெந்நீரும் ஒரே பாத்திரத்தில் முடிந்துவிடுகிற அந்தச் சிக்கனத்தின் மேல் எனக்கு அன்றைக்கே ஒரு மயக்கம் வந்துவிட்டது.

ஹலிஸ்கோ மாநிலத் தலைநகர் குவாதலஹாராவில் அவர் வீட்டு மாடியில் நான் இரண்டு வருடம் குடியிருந்தேன். அவருக்கு நான் ‘மிஹா’, அதாவது மகள். எனக்கு அவர் சென்யோரா. அவர் வைத்த அந்தப் பானைப் பயறுக்கு ‘ஃப்ரிஹோலெஸ் தே ஓயா’ என்று பெயர். ஓயா என்றால் பானை. பெயரிலேயே பாத்திரம் இருக்கிறது. உள்ளே போனவை: பயறு, தண்ணீர், பாதி வெங்காயம், நாலு பல் பூண்டு, ஒரு கரண்டி பன்றிக் கொழுப்பு. உப்பு பிறகு. காரம் எங்கே, அந்தப் புகைமணம் எங்கே என்று நான் கேட்டபோது அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “முதலில் பயறு பயறாகட்டும் மிஹா.”

மெக்சிகோவுக்கு வெளியே ‘மெக்சிகன் பீன்ஸ்’ என்ற பெயரில் எனக்குப் பரிமாறப்பட்டவற்றில் பெரும்பாலானவை இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்காதவை. சீரகத்தூள், மிளகாய்த்தூள், இனிக்கிற தக்காளிக் குழம்பு, அதன்மேல் புட்டியிலிருந்து இரண்டு சொட்டுப் புகை. வாயில் வைத்த முதல் நொடியில் எல்லாம் ஒரே சமயத்தில் பேசும். மூன்றாவது வாயில் அலுத்துவிடும். பயறு அங்கே மசாலாவைச் சுமக்கிற கூலியாள். சென்யோராவின் பானையிலோ மசாலாவே இல்லாமல் ஒரு கிண்ணம் குடித்துவிட்டு எழுந்து போகலாம். புகையும் காரமும் அதற்கு மேல் வருகிற அலங்காரம்தான். அலங்காரம் கடைசியில் வர வேண்டும் என்பதற்கு ரசனைக் காரணம் உண்டு. கறாரான வேதியியல் காரணமும் உண்டு. அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பிறகு சொல்கிறேன்.

நாம் பொரியலுக்கு அரிகிற பீன்ஸும், கடையில் வாங்குகிற ராஜ்மாவும், மெக்சிகோவின் கறுப்புப் பயறும் செடிநூல் கணக்கில் ஒரே இனம். மெக்சிகோ உழவர்கள் சோளத்தோடும் பூசணியோடும் ஒரே வயலில் விதைத்த பயிர் அது. சோளத்தண்டு கொழுகொம்பு, பயற்றங்கொடி மண்ணுக்கு உரம், பூசணி இலை நிலத்துக்குக் குடை. இந்தக் கூட்டு வயலுக்கு ‘மில்பா’ என்று பெயர். பயறின் நிறம் ஊருக்கு ஊர் மாறும். வெராக்ரூஸ், ஒஹாகா, யூகத்தான் பக்கம் கறுப்பு. வடக்கே புள்ளிபோட்ட பிந்தோ. குவாதலஹாராவில் மஞ்சள் வெண்ணெய் நிறத்தில் ‘பெருவானோ’, இளஞ்சிவப்புக் கோடு ஓடிய ‘ஃப்ளோர் தே மாயோ’, அதாவது மே மாதப் பூ. எனக்குப் புகையோடு சேர்த்துப் பிடித்தது கறுப்புதான். சென்யோராவுக்கு அது தென்னாட்டார் சாப்பாடு. அதைச் சொல்லும்போது அவர் உதடு லேசாகச் சுழிக்கும்.

பயறை மேசையில் கொட்டி, மடியில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு, உள்ளங்கையால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் கல் பொறுக்குவார். சுருங்கியது, பிளந்தது, பூச்சி துளைத்தது ஒரு பக்கம். நல்லது மடிக்குள் டொக் டொக் என்று விழும். ஊறவைப்பதில்லை. அந்த வருடத்து அறுவடை, ஊறவைக்க என்ன இருக்கிறது என்பார். சென்னையில் எனக்கு அந்தத் தைரியம் இல்லை. நம் கடைப் பயறு எந்த வருடத்தது என்று யார் கண்டது? பழைய பயறு எத்தனை மணி நேரம் கொதித்தாலும் நடுவில் ஒரு மணல் கடிபடும். அதனால் இரவே ஊறவைக்கிறேன், அதுவும் உப்புத் தண்ணீரில், லிட்டருக்கு 15 கிராம் கணக்கில். உப்புப் போட்டால் பயறு வேகாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள், அங்கேயும் சொல்வார்கள். ஊறுகிற தண்ணீரில் போட்டால் நடப்பது நேர்மாறு. தோலில் உள்ள பெக்டினை இறுக்கிப் பிடித்திருப்பவை கால்சியமும் மக்னீசியமும். உப்பிலுள்ள சோடியம் உள்ளே நுழைந்து அவற்றின் இடத்தைப் பிடிக்க, தோல் இளகுகிறது. தோல் வெடிக்காமல், வெண்ணெயாக வேகும். இந்த ஒரு விஷயத்தில் நான் சென்யோராவை மீறியவள்.

மீறக்கூடாதது ஒன்று உண்டு. இந்தப் பயறுகளில், குறிப்பாகச் சிவப்பு ராஜ்மாவில், லெக்டின் வகை நஞ்சு ஒன்று இருக்கிறது. அரைவேக்காட்டில் தின்றால் சில மணி நேரத்தில் வாந்தியில் கொண்டுவிடும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடமாவது, அரை மணி என்றால் இன்னும் நல்லது, தளதளவென்று கொதிக்க வேண்டும். பிறகே தீயைத் தணிக்கலாம். கொதிநிலைக்கே போகாமல் மெல்லச் சூடாக்கும் மின்பாத்திரத்தில் நேராகப் போடுவது ஆபத்து.

இனி பொறுமை. 250 கிராம் பயறுக்கு 2 லிட்டர் தண்ணீர், ஒன்றரையிலிருந்து இரண்டரை மணி நேரம், மேலே ஒரு குமிழி, சற்றுப் பொறுத்து இன்னொரு குமிழி என்கிற தீ. குக்கரில் 25 நிமிடத்தில் முடியும். மெக்சிகோ வீடுகளிலும் குக்கர் உண்டு, அது பாவமில்லை. ஆனால் குக்கர் பயறை வேகவைக்கும், சாற்றைக் கட்டாது. ரசிகன் முதலில் பார்க்க வேண்டியது சாற்றைத்தான். வெந்த பயறு யாருக்கும் வாய்க்கும். தண்ணீராக ஓடாமல், கூழாக நிற்காமல், கரண்டியின் பின்புறத்தில் மெல்லிய பட்டுபோல் ஒட்டுகிற சாறு, மெல்ல வெந்த பயறிலிருந்து மட்டும் வரும். கறுப்புப் பயறின் சாறு முதலில் அழுக்குச் சாம்பல் நிறம். ஒரு மணி நேரத்தில் மையாகும். ஆறும்போது ஓரத்தில் கருநீலம் மின்னும். வெந்ததா என்று பார்க்க சென்யோரா நசுக்கிப் பார்ப்பதில்லை. கரண்டியில் இரண்டு பயறை எடுத்து ஊதுவார். தோல் சுருண்டு எழுந்தால் பாதி தூரம் வந்தாயிற்று. அதற்குப் பிறகுதான் உப்பு, அதன்பின் ‘எபாஸோதே’ என்ற கீரையின் ஒரு கொத்து. அதைப் பச்சையாக முகர்ந்தால் மண்ணெண்ணெய்தான் நினைவுக்கு வரும். பானைக்குள் போனதும் எப்படியோ நாகரிகம் கற்றுக்கொண்டு, வாயுவுக்கு மருந்து என்ற பேரையும் வாங்கிக்கொள்ளும். நாம் பெருங்காயத்துக்குக் கொடுத்திருக்கும் அதே பதவி.

இப்போது புகை.

சிபோத்லே என்பது தனி மிளகாய் இனமல்ல. ஹலபேன்யோ மிளகாயைச் செடியிலேயே சிவக்கப் பழுக்கவிட்டுப் புகையில் உலர்த்தியது. நாவாத்ல் மொழியில் சில்லி என்றால் மிளகாய், போக்த்லி என்றால் புகை. இரண்டும் சேர்ந்த பெயர். ஏன் புகைக்க வேண்டும் என்பதற்கு விடை அந்தக் காயின் சதையில் இருக்கிறது. நம் ராமநாதபுரம் குண்டு மிளகாயை வெயிலில் பரப்பினால் சில நாளில் கலகலவென்று குலுங்கும். ஹலபேன்யோ தடித்த சதைக்காரி. வெயிலில் போட்டால் காய்வதற்குள் அழுகிவிடும். விறகை ஓரிடத்தில் கனியவிட்டு, புகையை மட்டும் மிளகாய் பரப்பிய தட்டிக்குக் கீழே இழுத்து, புரட்டிப் புரட்டிப் பல நாள் வாட்டுகிறார்கள். ஏறக்குறைய 10 கிலோ பழம் 1 கிலோ சிபோத்லே ஆகிறது. கெடாமல் வைக்கத் தேடிய வழி, ருசியாக நின்றுவிட்டது. விதைக்கதிரை அடுப்புக்கு மேல் கட்டித் தொங்கவிட்ட வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதில் இரண்டு வகை. மோரிட்டா சிறியது, கருஞ்சிவப்பு, தொட்டால் பதமாக வளையும். மேக்கோ பெரியது, அதிக நாள் புகை குடித்தது. மங்கிய காவி நிறத்தில், கசங்கிய சுருட்டுபோல் இருக்கும். முகர்ந்தால் உலர்திராட்சை, தோல்பை, கரி படிந்த பரண். அங்கே போய்த் திரும்புபவர்களிடம் நான் கேட்டு வாங்குவது மேக்கோதான். ஒரு மிளகாய் போதும், 250 கிராம் பயறுக்கு. மூன்று போட்டால் காரம் தாங்கும். ஸ்கோவில் கணக்கில் ஹலபேன்யோ 2,500 முதல் 8,000 வரைதான். தாங்காதது புகை. அளவு மீறினால் தீப்பிடித்த வீட்டை நனைத்துக் குடிப்பதுபோல் இருக்கும்.

இனி நான் பட்டது. சென்னை திரும்பிய புதிதில் கடையில் சிபோத்லே டப்பா ஒன்று கிடைத்தது. ‘அதோபோ’ என்ற புளிப்புக் குழம்பில் ஊறியது. ஆசையில் ஆரம்பத்திலேயே அரை டப்பாவைப் பயறோடு கவிழ்த்தேன். மூன்று மணி நேரம் கழித்தும் பயறு கூழாங்கல். விருந்தாளிகள் அன்று தயிர்சாதம் சாப்பிட்டார்கள். அந்தக் குழம்பில் இருப்பது வினிகரும் தக்காளியும். புளிப்பு இருக்கும் தண்ணீரில் பயறின் பெக்டின் கரைய மறுக்கும். துவரம்பருப்பு வேகுமுன் புளியைக் கரைத்து ஊற்றாதே என்று எந்தப் பாட்டியும் சொல்லியிருப்பாள். எனக்கும் சொல்லியிருந்தார்கள். மொழி மாறியதில் மறந்துவிட்டேன்.

சென்யோராவின் முறை இது. கோமால் என்கிற கல்லில், நம் தோசைக்கல்லின் உறவுதான், ஒரு தக்காளியையும் வெங்காயத் துண்டையும் தோலோடு இரண்டு பல் பூண்டையும் எண்ணெயில்லாமல் போட்டுக் கறுக்கச் சுடுவார். சிபோத்லேயை அதே கல்லில் சில நொடி மட்டும் புரட்டி, கருகினால் கசக்கும் என்பதால் கண்ணெடுக்காமல் பார்த்து, வெந்நீரில் ஊறப்போடுவார். பிறகு எல்லாம் ‘மோல்கஹேதே’யில் இறங்கும்: மூன்று கால், எரிமலைக்கல், உள்ளே சொரசொரப்பு. மிக்ஸி அரைத்தால் பசை, கல் அரைத்தால் துகள். இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சட்டியில் கொழுப்பு காய்ந்ததும் இந்த அரைப்பைக் கொட்டுவார். கொழுப்பு இங்கே வெறும் பளபளப்புக்காக இல்லை. மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். புகைமணமும் கொழுப்பைப் பிடித்துக்கொண்டுதான் பானை முழுக்கப் பரவும். அரைப்பு நிறம் மாறி எண்ணெய் பிரிந்ததும் இரண்டு கரண்டிப் பயறைச் சாற்றோடு அதில் ஊற்றி மசித்து, மொத்தத்தையும் பானைக்குத் திருப்பிவிட்டு, இன்னும் கால்மணி நேரம்.

சுட்டது வேறு, புகைத்தது வேறு என்று எனக்குப் புரிந்தது அந்தக் கரண்டியைச் சுவைத்தபோதுதான். கல்லில் சுட்ட தக்காளி முன்னால் வந்து, இனித்து, போய்விடும். சிபோத்லே அப்போது வராது. விழுங்கிய பிறகு தொண்டைக்குப் பின்னால் எங்கேயோ ஒரு விறகு எரிந்து அணைந்த மாதிரி இருக்கும்.

சிபோத்லே கிடைக்காதவர்கள் என்ன செய்வது? ஸ்பெயின் நாட்டு லா வேரா பகுதியின் புகைத்த மிளகாய்த்தூள் அடுத்தபடி; மெக்சிகோ பக்கமிருந்து கடல் தாண்டிப் போன மிளகாயைத்தான் அங்கே கருவாலி விறகுப் புகையில் காயவைக்கிறார்கள். கனிந்த கரித்துண்டில் நெய் விட்டுப் பாத்திரத்தை மூடுகிற வடநாட்டு உபாயத்தையும் முயன்றேன். பிரியாணிக்கு அழகு, பயறிலோ மணம் மேலாக மிதந்துவிட்டு, பாதிக் கிண்ணத்தில் விடைபெற்றுவிடும். புட்டிப் புகையைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன்.

முதல் நாள் கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்கிற பயறு இது. மேலே நறுக்கிய பச்சை வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை. கரண்டிக்குப் பதில் சோள டோர்ட்டியாவைக் கிழித்து மடக்கி அள்ளலாம். இரண்டாம் நாள் சாறு தடித்து, புகை உள்ளே இறங்கி இன்னும் ஒரு படி ஏறியிருக்கும். எதிர்பாராமல் ஆள் வந்தால், பயறில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்று என்று அங்கே ஒரு சொல்வழக்கு. நம் வீடுகளில் ரசத்துக்குச் சொல்வது.

மூன்றாம் நாள் மிச்சமெல்லாம் ‘ரெஃப்ரிதோஸ்’. இரண்டு முறை வறுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ‘ரெ’ அங்கே ‘நன்றாக’ என்பதற்கான அழுத்தம்தான், வறுபடுவது ஒரே முறை. காய்ந்த கொழுப்பில் வெங்காயத்தைக் கருக்கி எடுத்துவிட்டு, பயறைக் கரண்டி கரண்டியாகச் சாற்றோடு ஊற்றி, ஒவ்வொரு கரண்டிக்கும் நின்று மசிக்க வேண்டும். அல்வா பதம் மாதிரி, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது இறக்கலாம். சென்யோரா அதைத் தட்டில் சாய்த்துவிட்டு, சட்டியின் அடியில் பிடித்த காந்தலைத் தோசைத்திருப்பி போன்ற ஒரு கரண்டியால் சுரண்டுவார். கரகரவென்று அந்தச் சத்தம் மாடிவரை கேட்கும். நான் இறங்கி வருவதற்குள் அதை ஒரு டோர்ட்டியாவில் சுருட்டிக் கையில் தயாராக வைத்திருப்பார்.